முந்நூற்று நாற்பத்திரண்டு கிணறுகள்

"அண்ணா, உங்க நிலம் படத்துல கொஞ்சம் பெருசா காட்டுது," என்றாள் எழிலரசி போனில்.

குமரேசன் சாமந்திக் கூடையைத் தலையிலிருந்து இறக்கி வரப்பில் வைத்தான். செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வந்த செய்தி என்ற வகையில் இது ஒன்றும் மோசமில்லை என்றுதான் அவனுக்குப் பட்டது.

"எவ்ளோ பெருசா?"

"அது வந்து..." அவள் இழுத்தாள். "ஊர் அளவுக்கு."

"எந்த ஊரு?"

"உங்க ஊருதான். அடி அண்ணாமலை மொத்தமும் உங்க பேர்ல வந்திருக்கு. பதட்டப்படாதீங்க."

அதுவரை குமரேசன் பதட்டப்படவில்லை. அவள் சொன்ன பிறகுதான் ஆரம்பித்தான்.

"அப்ப என் நெலம்?"

"அது மட்டும் உங்க பேர்ல இல்லண்ணா."

எழிலரசி புது நில வரைபடத் திட்டத்தில் அளவை வேலை பார்க்கிற பெண். சங்கிலி இழுத்து அளந்து, துணியில் வரைந்து, கரையான் தின்று மிச்சம் வைத்த பழைய படங்களை ஓரங்கட்டிவிட்டு, செயற்கைக்கோளை வைத்து ஒவ்வொருவர் நிலத்தையும் புதிதாக அளந்து, யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கும்படி செய்வதுதான் திட்டம். பின்னால் தகராறு வரக் கூடாது என்பதற்காக ஒரு விதி வைத்திருந்தார்கள். நிலத்துக்காரரே அளவைக் கம்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தன் எல்லையைச் சுற்றி வர வேண்டும். கம்பத்தின் தலையில் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வெள்ளை வட்டம். அவர் நடக்க நடக்க அது வானத்தோடு பேசிக் கோடு போட்டுக்கொள்ளும். சுற்றி முடித்ததும் கைரேகை. அதற்கப்புறம் அந்தக் கோட்டை எந்த அதிகாரியாலும் திருத்த முடியாது. அவரே மறுபடி நடந்தால்தான் உண்டு.

ஊரில் முதல் ஆளாகத் திங்கட்கிழமை நடந்தவன் குமரேசன். அவன் அவசரம் அவனுக்கு. கிணற்றுக்கு மின் இணைப்புக் கேட்டு எழுதிப் போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்தப் பதினோரு வருஷமும் ஒரு டீசல் இன்ஜினின் கயிற்றை இழுத்து இழுத்தே அவனுடைய வலது தோள் இடது தோளை விட ஓர் அங்குலம் இறங்கிப் போயிருந்தது. இந்த மாதம்தான் முறை வந்திருக்கிறது. கிணறு அவன் நிலத்துக்குள்தான் இருக்கிறது என்று காட்டும் புதுப் படத்தை வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் மின்வாரிய ஆளிடம் கொடுக்க வேண்டும். தவறினால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டியதுதான். இன்னொரு பதினோரு வருஷத்துக்கு இன்ஜினும் தாங்காது, தோளும் தாங்காது.

அதனால்தான் திங்கட்கிழமை குளித்து, திருநீறு பூசி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நிலத்தின் நடுவே வேப்பமரத்தடியில் இருக்கிற ஏழு கன்னிமார் கற்களைக் கும்பிட்டுவிட்டுக் கம்பத்தைப் பிடித்தான். பயபக்தியோடு ஒரு சுற்று வந்தான். எழிலரசியே பக்கத்தில் நின்று பார்த்து, "அழகா நடந்தீங்கண்ணா," என்றாள். பழைய பட்டாவைக் காட்ட வேண்டுமா என்று அவன் கேட்டதற்கு, "சர்வே நம்பர் பொருத்திப் பாக்கறது கடைசி வேலை, அது சும்மா ஒரு இதுக்குத்தான்," என்று சொல்லிவிட்டாள். அந்தப் பட்டா குமரேசன் வீட்டுச் சாமி மாடத்தில் இருந்தது. அதை அவன் படித்ததே இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை அந்தப் போனை வைத்துவிட்டு அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் வாசலில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். எல்லார் கையிலும் போன். முன்னால் நின்றவர் அப்பாசாமி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் நெரிசலில் கத்திப் பழகிய குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"குமரேசா, என் ஊட்டு கக்கூஸ் யாருது?"

"உங்களுதுதான் சித்தப்பா."

"போன்ல உன்னுதுன்னு போட்டிருக்குது. இனிமே போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போணுமா?"

"சித்தப்பா, மெஷின்ல ஏதோ தப்பு."

"மெஷினுக்கு ஏன்யா உன் பேரு மட்டும் தெரியுது?"

பால் சங்கக் கட்டடம் அவன் பேரில் இருந்தது. பள்ளிக்கூடம், ஏரி, ரேஷன் கடை, சுடுகாடு எல்லாமே அவன் பேரில் இருந்தன. செத்தால் புதைக்கக்கூட அவனிடம்தான் அனுமதி வாங்க வேண்டும் போலிருக்கிறது என்று ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். கூட்டத்தில் ஒரே ஓர் அம்மாள் மட்டும் சண்டைக்கு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் சுவரை இரண்டடி தள்ளிக் கட்டச் சொல்லி நிலத்துக்குச் சொந்தக்காரனிடம் மனு கொடுக்க வந்திருந்தாள்.

ஒரு வழியாக அவர்களை அனுப்பிவிட்டுக் குமரேசன் திரும்பினால், கதவோரம் அவன் மனைவி ஆதிலட்சுமி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இத்தினி பேரு வந்தாங்களே, பச்சையம்மாக்கா வந்தாங்களா பாத்தியா?" என்றாள். "நம்ம நெலத்துக்கு ஒட்டுன நெலம் அவுங்களுது. அவுங்க நெலமும்தான் உன் பேர்ல போயிருக்கும். ஒரு வார்த்தை கேக்கல. மனுஷின்னா அவங்க மனுஷி."

குமரேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பக்கத்து நிலத்துக்காரி.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு அந்தப் பக்கம், ஒரு புது வீட்டின் மாடியில் திட்ட அலுவலகம். அங்கே உட்கார்ந்திருந்தவர் குமரேசன் சொன்னதை முழுவதும் கேட்டார். மேஜை மேல் இருந்த பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"சில நேரம் சிக்னல் கம்மியா இருக்கும். மறுபடி நடங்க," என்றார்.

"அதே மாதிரி நடந்தா போதுங்களா?"

"அதே மாதிரிதான். ஆனா கொஞ்சம் நிதானமா, நல்லா நடங்க."

நல்லா நடக்கச் சொன்னால் குமரேசன் எப்படி நடப்பான்? ஒரு சுற்று சுற்றினால்தானே மெஷினுக்குச் சந்தேகம் வருகிறது. அன்று மத்தியானம் எழிலரசி சிக்னல் தேடி ரோட்டுப் பக்கம் போய்ப் போனில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கன்னிமாரை மனதில் நினைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடித்து, கைரேகையும் வைத்துவிட்டான்.

புதன்கிழமை காலையில் பேசியது முருகவேல். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். நல்ல மனுஷன், பதினோரு வருஷமாகக் குமரேசனைப் பார்க்கும்போதெல்லாம் "அடுத்தது நீங்கதாங்க" என்று வாய் வலிக்காமல் சொல்லி வந்தவர்.

"குமரேசன், உங்களுக்கு எந்தக் கெணத்துக்குங்க கரண்ட் வேணும்?"

"இன்னா சார் இப்படிக் கேக்கறீங்க? என் கெணத்துக்குத்தான்."

"இல்ல, படத்துல உங்க பேர்ல முந்நூத்தி நாப்பத்திரெண்டு கெணறு இருக்குது. அதான் கேட்டேன்."

குமரேசன் பக்கத்திலிருந்த இன்ஜினைப் பிடித்துக்கொண்டான்.

"ஊர்லயே அத்தினி கெணறு கெடையாதே சார்."

"அதாங்க எனக்கும் ஒண்ணும் புரியல. உங்க ஊர்ல மீதி ஆளுங்க கெணறு நூத்திப் பதினாலுதான். நீங்க ஒவ்வொண்ணையும் மூணு மூணு தடவை வெச்சிருக்கீங்க. அவ்ளோ இருந்தும் கரண்ட் கேட்டு எழுதிக் குடுத்தீங்களே, அந்தக் கெணறு மட்டும் உங்களுது இல்லன்னு வருது. அதோட இவ்ளோ பெரிய பண்ணைக்காரங்களுக்கு இந்த வரிசையே கெடையாதுங்க. நாளைக்கு சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் என் கையில இல்ல."

முருகவேல் போனை வைத்துவிட்டார். குமரேசன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டான். நேற்று வரை ஒரு கிணறும் ஒரு தோள் வலியும் வைத்திருந்தவன் இன்று முந்நூற்று நாற்பத்திரண்டு கிணறு வைத்திருக்கிறான். அதில் ஒரு வாளி தண்ணீர் மொள்ள முடியாது.

ஒன்பது மணிக்கு எழிலரசி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அண்ணா, நேத்தும் அதுக்கு முந்தின நாளும் எப்படி நடந்தீங்க? கம்பம் வேணாம், சும்மா நடந்து காட்டுங்க."

குமரேசன் கன்னிமாரைக் கும்பிட்டுவிட்டு நடந்து காட்டினான். நாலடி வைத்திருப்பான். எழிலரசி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"வலமா போறீங்க."

"வேற எப்படிப் போவாங்க?"

"இந்த மெஷினுக்குப் புரோகிராம் எழுதினவங்க எங்கயோ வெளிதேசத்துல இருக்காங்கண்ணா. அவங்க வெச்ச விதி, நடக்கறவரோட இடது கைப் பக்கம் எது இருக்கோ அதுதான் அவர் நிலம். நீங்க உங்க நிலத்தை வலது கைப் பக்கம் வெச்சுக்கிட்டு நடந்தீங்க. அப்ப உங்க இடது கைப் பக்கம் என்ன இருந்துச்சுன்னு பாருங்க."

குமரேசன் இடது பக்கம் திரும்பிப் பார்த்தான். முதலில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாளின் மேட்டு நிலமும் மாட்டுக் கொட்டகையும். அதற்கப்பால் அப்பாசாமி வீடு. அதற்கப்பால் ஊர்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"பயிற்சியில சொன்னாங்க." எழிலரசி தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் திருவண்ணாமலைதானேண்ணா. சின்ன வயசுலேருந்து மலையைச் சுத்தறேன். நீங்க வலமா நடக்கறப்ப எனக்குச் சரியாத்தான் தெரிஞ்சுது. தப்பாவே தோணல."

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவளை இதற்காகக் குறை சொல்லவும் முடியாது. இங்கே மலையை வலது கைப் பக்கம் வைத்து நடப்பது என்பது மூச்சு விடுவது மாதிரி. அப்படி நடக்கிறோம் என்பதே யாருக்கும் தெரியாது.

"ஒண்ணும் பிரச்சனை இல்ல," என்றாள் எழிலரசி. "இடப்பக்கமா ஒரே ஒரு சுத்து வந்துடுங்க. எல்லாம் சரியாயிடும்."

தண்ணீர் கொண்டு வந்த ஆதிலட்சுமி சொம்பைக் கீழே வைத்தாள்.

"கன்னிமாரை இடப்பக்கமா சுத்தறதா? பொணத்தைத்தான்மா அப்படிச் சுத்துவாங்க."

"அக்கா, மெஷினுக்கு அதெல்லாம்..."

"மெஷினு நாளைக்கு வேற ஊருக்குப் போயிடும். இந்த ஏழு பேரும் இங்கயேதான் இருப்பாங்க. இவரு காலை வெச்சுப் பாக்கட்டும், நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன்."

கிணறா, கன்னிமாரா, கட்டியவளா? குமரேசன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். பதினோரு வருஷக் காத்திருப்பு ஒரு பக்கக் கோளாறில் போகிறது என்று நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்திலிருந்துதான் அந்த யோசனை பிறந்திருக்க வேண்டும்.

"கன்னிமாரு என் வலது கைப் பக்கம் இருக்கணும். மெஷினுக்கு இடது பக்கம் இருக்கணும். அவ்ளோதானே?"

"ரெண்டும் எப்படிண்ணா நடக்கும்?"

குமரேசன் திரும்பி நின்றான். முதுகு போகிற பக்கம் ஓர் அடி பின்னால் வைத்தான். இன்னோர் அடி வைத்தான்.

எழிலரசி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தாள். "மெஷினுக்கு உங்க மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியாது. போற வழி மட்டும்தான் தெரியும்," என்றாள் மெதுவாக. "ஆகும்ணா. ஆகும் போலிருக்கு."

ஆதிலட்சுமி மட்டும் கன்னிமாரின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஆட்சேபணை எதுவும் தெரியாததால் அவளும் ஒத்துக்கொண்டாள்.

குமரேசன் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தான். ஆதிலட்சுமி முன்னால் நின்று, "கல்லு இருக்குது, கால தூக்கு. வாய்க்கா வருது, அகலமா வை," என்று வழி சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு பக்க வரப்பு முடிந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நிலம் கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். வெள்ளிக்கிழமை பௌர்ணமி என்பதால் முன்னாலேயே வந்துவிட்ட வெளியூர்க்காரர்கள் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் நின்றார்கள். நெற்றியில் திருநீறோடு, வெறுங்காலோடு, தலையில் வெள்ளை வட்டம் வைத்த கம்பத்தைத் தாங்கி, ஏழு கற்களைப் பார்த்தபடி ஒருவர் பின்னோக்கி நடக்கிறார். எதிரே ஓர் அம்மாள் கை நீட்டி வாக்குச் சொல்கிறாள். அவர்களுக்குப் புல்லரித்துவிட்டது.

"சாமி, இது இன்னா வேண்டுதலுங்க?" என்று ஒருவர் பணிவாகக் கேட்டார்.

"பேச்சு குடுக்காதீங்க, தப்பாயிடும்," என்றான் குமரேசன்.

அதை அவர்கள் மௌன விரதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பைகளை வரப்பில் வைத்தார்கள். திரும்பி நின்றார்கள். அவனுக்குப் பக்கத்திலேயே பின்னோக்கி நடக்கத் தொடங்கினார்கள். இரண்டாவது மூலை திரும்பும்போது பதினோரு பேர் இருந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். இப்படி நடந்தால் முன் ஜென்மத்து வினை ஒவ்வொன்றாக அவிழும் என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அதை யார் சொன்னார்கள் என்பது இன்று வரை தெரியவில்லை.

"போங்கய்யா, இது அளவைங்க. யாரும் சுத்தக்கூடாது," என்று எழிலரசி ஓடி ஓடிக் கெஞ்சினாள். அவளைக் கோயில் ஆள் என்று நினைத்து இரண்டு பேர் காலில் விழப் போனார்கள்.

குமரேசனின் கிணறு பச்சையம்மாளின் வேலியை ஒட்டி இருக்கிறது. அந்த இடம் வந்தபோது வெள்ளைக்கார அம்மாள் கண்ணை மூடிய நிலையிலேயே கிணற்றை நோக்கிப் போனாள். குமரேசனுக்கு உயிரே போய்விட்டது. ஒரே எட்டில் உள்பக்கம் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்து, கிணற்றுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே விழுந்து எழுந்து, தடுமாறியபடியே பின்னோக்கி நடந்து சுற்றை முடித்துக் கைரேகையும் வைத்தான். சாமந்திச் செடியில் கால்வாசி அவர்கள் காலடியில் போயிற்று.

சாயங்காலம் படம் வந்தது. ஊர் ஊர்க்காரர்களிடமே திரும்பிப் போயிருந்தது. அப்பாசாமி வீட்டுக் கழிப்பறையும் அவரிடமே திரும்பிவிட்டது. குமரேசனின் ஒரு ஏக்கர் அழகாக அவன் பேரில் விழுந்திருந்தது. கிணறு மட்டும் இல்லை. அந்தக் கோடு கிணற்றுக்கு உள்பக்கமாக வளைந்து, கிணற்றைப் பச்சையம்மாள் பக்கம் ஒதுக்கிவிட்டிருந்தது.

அவன் போனை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினான். பச்சையம்மாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். அறுபது வயதைத் தாண்டியவள். பேச்சு கம்மி, வேலை ஜாஸ்தி.

"அக்கா, நீ தப்பா எடுத்துக்காத. கெணறு உன் பக்கம் காட்டுது. அந்த வெள்ளைக்காரி வந்து வுழப் பாத்தா, அதுல கோடு வளைஞ்சுடுச்சு. நாளைக்கு காலையில சரி பண்ணிடறேன்."

பச்சையம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கெணறு என் பக்கமா காட்டுது?"

"தப்பா காட்டுதுக்கா."

"குமரேசா," என்று ஆரம்பித்தாள். "உங்கப்பா இருந்தாரே..."

அதற்குள் மாடு தவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டது. அவள் அதன் பின்னால் ஓடினாள். குமரேசனுக்கு அப்பாவைப் பற்றிப் பேச இது நேரமாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டான்.

வியாழக்கிழமை விடிந்ததும் வயலுக்குப் போனவனைத் தூக்கிவாரிப் போட்டது. அவனுடைய நிலத்தைச் சுற்றி முப்பது நாற்பது பேர் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். யாரோ வேப்பமரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். ஆதிலட்சுமி மிதிபடாத சாமந்தியைப் பறித்து, முழம் போட்டு, வந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது?"

"நான் கூப்பிடல. அவங்களே வந்தாங்க. பூ இல்லாம கன்னிமாரைக் கும்பிட்டா நல்லாவா இருக்கும்?"

இனி பின்னோக்கி நடக்கவும் வழியில்லை. நடந்தால் ஊரே கூட நடக்கும். எழிலரசி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முருகவேல் மூன்று மணிக்கு நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

"அக்கா," என்று அவள் ஆதிலட்சுமியிடம் போனாள். "கன்னிமார்கிட்டயே கேட்டுடலாம். பூ கேக்கலாம்."

அதை ஆதிலட்சுமியால் மறுக்க முடியவில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளைச் சாமந்தி, ஒரு பொட்டலத்தில் செவ்வரளி. வெள்ளை வந்தால் இடப்பக்கமாக நடக்கலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டையும் கற்களின் முன்னால் போட்டு, கல்யாணமாகாத பெண் என்பதால் எழிலரசியையே எடுக்கச் சொன்னார்கள்.

சிவப்பு வந்தது.

மறுபடி குலுக்கிப் போட்டார்கள். மறுபடி சிவப்பு. குமரேசனின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெட்கப்படாமல் கன்னிமாரின் முன்னால் விழுந்தான். "தாயே, என் தோளப் பாரு," என்றான். அதைப் பார்த்ததும் ஆதிலட்சுமிக்கு என்னவோ செய்தது. "இரு, நான் மடிச்சுப் போடறேன்," என்று பொட்டலங்களை வாங்கி, மரத்துக்குப் பின்னால் போய்ப் புதிதாக மடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது தடவை வெள்ளை வந்தது. இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆதிலட்சுமி அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வந்திருந்தவர்களுக்கெல்லாம் ரோட்டோரம் மோர் கொடுப்பதாகச் சொல்லி எழிலரசி அந்தப் பக்கம் அனுப்பிவைத்தாள். குமரேசன் கம்பத்தை எடுத்தான். பிறந்ததிலிருந்து நடக்காத பக்கம் நடந்தான். ஒவ்வொரு மூலையிலும் நின்று, "மெஷினுக்காகத்தான் தாயே, மனசுல வலமாத்தான் வரேன்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். கிணற்றுக்கு வெளிப்பக்கமாக, வேலியை உரசிக்கொண்டு, முள் கிழித்ததைக்கூடப் பொருட்படுத்தாமல் சுற்றி வந்தான்.

எழிலரசியின் கையிலிருந்த திரையில் படம் உடனே விழுந்தது. ஒரு ஏக்கர். நடுவில் மரம். ஓரத்தில் கிணறு, உள்ளே. பெயர்: குமரேசன்.

மூன்று மணிக்கு முருகவேல் வந்தார். படத்தைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். கம்பம் நட வேண்டிய இடத்தில் செருப்புக் காலால் ஒரு கோடு இழுத்தார். குமரேசன் அந்தக் கோட்டைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருஷத்தில் அவன் கண்ட மின்சாரம் அதுதான்.

"பழைய பட்டாவைக் கொண்டாங்கண்ணா, நம்பரைப் பொருத்திடலாம்," என்றாள் எழிலரசி.

ஆதிலட்சுமி பட்டாவைக் கொண்டுவந்தாள். நம்பர் இருந்த இடத்தில் இருபது ஆயுத பூஜைக் குங்குமம் அப்பிக் கிடந்தது. எழிலரசி நகத்தால் மெதுவாகச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"அவங்க சுரண்டட்டும். அதுக்குள்ள பக்கத்து நெலத்துக்காரங்க ஒரு கையெழுத்து போட்டுட்டா என் வேலை முடிஞ்சுதுங்க," என்றார் முருகவேல். "இந்த நெலமும் கெணறும் குமரேசனுதுதான்னு எழுதியிருக்குது. வேற ஒண்ணும் இல்ல."

குமரேசன் கூப்பிட்டதும் பச்சையம்மாள் வந்தாள். பேனாவை வாங்கினாள். காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். வேப்பமரத்தடியைப் பார்த்தாள்.

"இங்க நின்னுக்கிட்டா போடணும்?"

"எங்க நின்னா இன்னாக்கா?"

"கன்னிமாரு எதிர்க்க எப்படிப்பா பொய்க் கையெழுத்து போடறது?"

முருகவேல் நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்து எழிலரசி நகத்தை எடுத்தாள். பட்டாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று.

"இன்னாக்கா சொல்ற? எது பொய்?" என்றான் குமரேசன்.

பச்சையம்மாள் பேனாவை மூடி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"நான் கல்யாணமாயி வந்த வருஷம் உங்கப்பாவும் எங்க மாமனாரும் வாய் வார்த்தையாவே நெலத்த மாத்திக்கிட்டாங்க, பத்திரத்த மாத்தல. அதுபடி நீ பூ வெக்கிறது எங்களுது, நான் மாடு கட்டறது உன்னுது. ஊரே உன் வாசல்ல வந்து நின்னப்ப நான் மட்டும் ஏன் வரலன்னு நெனச்ச? மத்தவங்க விஷயம் எனக்குத் தெரியாது குமரேசா, நம்ம ரெண்டு பேரு நெலத்த மட்டும் அந்த மெஷினு மொத நாளே சரியாத்தாம்பா சொல்லுச்சு."